நாஷ்வில் வாலிபர் குழு: தலைவர் நாற்காலி சுழன்ற இடம்

சபை வாலிபர் முகாம் எதற்குப் போனாலும் 'டீம்' பற்றி ஒரு வகுப்பு இருக்கும். ஒருவரையொருவர் நேசியுங்கள், முறுமுறுக்காதீர்கள், தலைமைக்குக் கீழ்ப்படியுங்கள். இந்த மூன்றையும் பலகையில் எழுதிவிட்டால் ஆரோக்கியமான குழு தயார் என்று நினைக்கிறார்கள். காலனியிலிருந்து வரும் தம்பி ஒருவன் எழுந்து, "கிறிஸ்துமஸ் நாடகத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் ஏன் எப்போதும் மேடைக்குப் பின்னால் சாமான் தூக்குகிறார்கள்?" என்று கேட்டுவிட்டால், அவன் ஒற்றுமையைக் கெடுக்கிறவன். வகுப்பு அத்தோடு முடிந்துவிடும், ஜெபம் ஆரம்பித்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். அப்படியிருந்தும் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டு 2008இல் போராட வேண்டியிருந்தது. இந்தத் திருச்சபைக்குள் 'குழு ஒற்றுமை' என்ற சொல் யாருக்காக உழைக்கிறது என்று கேட்காமல் நாம் இன்னொரு முகாமுக்குப் போவதில் பொருளில்லை.

இதே கேள்வியை வேறொரு நாட்டில், வேறொரு ஒடுக்கப்பட்ட மக்களின் தேவாலய வாலிபர்கள் சந்தித்தார்கள். அமெரிக்காவின் தெற்கே டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரம், 1959, 1960ஆம் ஆண்டுகள். நம் இயக்கத் தோழர்கள் மார்ட்டின் லூதர் கிங் பெயரை அறிவார்கள். ஆனால் கிங்கின் நிழலில் நிற்க மறுத்த இந்த மாணவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. அவர்கள் செய்த போராட்டத்தைவிட, அதைச் செய்வதற்கு முன்னால் தங்களுக்குள் எப்படி உட்கார்ந்தார்கள், யார் பேசினார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்பதுதான் நமக்கு இப்போது தேவை.

அன்றைய நாஷ்வில்லில் கறுப்பர் ஒருவர் நகர மையத்திலுள்ள பெரிய கடைக்குள் போகலாம், துணி வாங்கலாம், பணம் கட்டலாம். அதே கடைக்குள் இருக்கும் லஞ்ச் கவுன்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. காசுக்குத் தீட்டு இல்லை, உட்காருகிற ஆளுக்குத்தான் தீட்டு. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நகரத்தில் கெல்லி மில்லர் ஸ்மித் என்ற பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். 1958இல் 'நாஷ்வில் கிறித்தவத் தலைமை மன்றம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் ஊழியர் நகரத்துக்கு வந்து, வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். கொரியப் போரின்போது ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர் அவர். பிறகு 1953 முதல் மூன்று ஆண்டுகள் நம் நாட்டில், நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மெதடிஸ்ட் மிஷனரியாக இருந்தார். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புச் செய்தியை அவர் படித்தது நாக்பூரில் வந்த செய்தித்தாளில்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. லாசன் இந்தியாவில் தேடியது காந்தியை. அவர் அமெரிக்கா திரும்பிய அதே 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, அதே நாக்பூரில், அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். பூனா ஒப்பந்தத்தின் வலி தெரிந்த நமக்கு, கறுப்பின இளைஞர்கள் காந்தியைக் கொண்டாடியதைப் படிக்கும்போது தொண்டையில் முள் சிக்குவது இயல்பு. அந்த முள் இருக்கட்டும். லாசன் இங்கிருந்து கொண்டுபோனது ஒரு போராட்ட நுட்பம். அதை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வைத்து அவர் என்னவாக மாற்றினார் என்பதுதான் நம் கதை.

1959 இலையுதிர் காலத்திலிருந்து வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை மாலைகளில், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பட்டறை நடந்தது. ஆரம்பத்தில் வந்தவர்கள் ஒரு சிலரே. லாசன் மேடை போட்டுப் பிரசங்கம் செய்யவில்லை, கேள்விதான் கேட்டார். இந்த ஊரில் உங்களை அதிகம் அவமானப்படுத்துவது எது? முதலில் எதைத் தொட வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். பிள்ளைகளோடு கடைவீதிக்குப் போனால் உட்கார இடமில்லை, குழந்தைக்கு ஒரு வாய் வாங்கிக் கொடுக்க முடியாது, கழிப்பறை கிடையாது என்று அவர்கள் சொன்னார்கள். லஞ்ச் கவுன்டர் குறியாக வந்தது அப்படித்தான். தலைவர் ஒருவர் அறையில் உட்கார்ந்து வகுத்த திட்டம் அல்ல அது. கடைவீதியில் கால் வலிக்க நின்ற தாய்மார்களின் அனுபவத்திலிருந்து வந்தது.

பிறகு ஒத்திகை. சிலர் வெள்ளைக் குண்டர்களாக நடிப்பார்கள், சிலர் போராளிகளாக நாற்காலியில் உட்காருவார்கள். வசவு விழும், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், நாற்காலியைக் காலால் தள்ளிவிடுவார்கள். கீழே விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, உடலை எப்படிச் சுருட்டிக்கொள்வது, அடிப்பவனின் கண்ணை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் பழகினார்கள். இவற்றில் ஒரு பாடம் எனக்கு மறக்காதது. ஒருவர் மீது அடி அளவுக்கு மீறி விழும்போது பக்கத்தில் இருப்பவர் இடையில் புகுந்து அந்த அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அடி பகிர்ந்தால் யாரும் சாகாமல் பிழைக்கலாம் என்ற கணக்கு. நம் முகாம்களில் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயச் சொல்லி, நண்பர்கள் பிடிப்பார்கள் என்று ஒரு விளையாட்டு நடத்துகிறார்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

நவம்பர் 28 அன்றும் டிசம்பர் 5 அன்றும் இரண்டு கடைகளில் சிறிய வெள்ளோட்டம் பார்த்தார்கள். பொருள் வாங்கினார்கள், கவுன்டரில் உட்கார்ந்தார்கள், மறுத்ததும் மேலாளரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார்கள். வந்ததும் உட்கார்ந்து என்ன நடந்தது, யார் பதறினார்கள், அடுத்த முறை என்ன செய்வது என்று பேசினார்கள். செயலுக்குப் பிறகு உட்கார்ந்து பேசும் இந்த வழக்கம் கடைசிவரை அவர்களோடு இருந்தது.

இந்தக் கூட்டம் ஒரே மாதிரி ஆட்களால் ஆனது அல்ல. ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் பெருமை. டயான் நாஷ் அங்கே படித்தார், சிகாகோவில் கத்தோலிக்கராக வளர்ந்தவர். மேரியன் பாரி அங்கே வேதியியல் மேற்படிப்பு மாணவர். இன்னொரு பக்கம் அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி, ஏழைப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டே படிக்கும் இடம். ஜான் லூயிஸ் அலபாமா கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன், கல்லூரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிப் படித்தவர், கிராமத்துப் பேச்சு, கூச்ச சுபாவம். அவரோடு அங்கே பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல். ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளும் ஆங்கிலம் பேசுகிறவர், பேசாதவர், நகரம், கிராமம் என்ற படிகள் உண்டு. நம் மாணவர் விடுதிகளிலும் உண்டு. அந்தப் படிகள் கூட்டத்துக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டது.

அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. மாணவர் மத்தியக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் பதவி சுழற்சியில் மாறும். ஒருவர் பெயர் கொடியில் ஏறிவிடக் கூடாது, போலீஸ் ஒருவரைத் தூக்கினால் இயக்கம் நின்றுவிடக் கூடாது. முடிவு எடுக்கும்போது கையைத் தூக்கி எண்ணி முடித்துவிடாமல், மறுப்பவரின் காரணத்தைக் கேட்டு, எல்லோரும் ஏற்கும் இடம் வரும்வரை பேசினார்கள். சில கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டின. அலுப்பான வேலைதான். ஆனால் கூச்ச சுபாவமுள்ள லூயிஸ் பேசக் கற்றது அந்த அலுப்பில்தான். டயான் நாஷ் அந்தக் குழுவின் தலைவரானபோது அவருக்கு 21 வயது. ஆண் போதகர்களும் வருங்கால ஆண் போதகர்களும் நிறைந்த ஒரு கூட்டத்துக்கு ஓர் இளம்பெண் தலைவர், அதுவும் 1960இல். அந்த நாட்களின் பயத்தைப் பற்றி அவர் பின்னாளில் பேட்டிகளில் மறைக்காமல் பேசியிருக்கிறார்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 4 மாணவர்கள் லஞ்ச் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நாஷ்வில்லில் பட்டறைக்கு வராத மாணவர்களும் திரண்டார்கள். பிப்ரவரி 12 இரவு, ஸ்மித் போதகராக இருந்த ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூட்டம். இந்த இரவைத்தான் ஒவ்வொரு வாலிபர் சங்கமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், காரணமும் பொய்யல்ல. மன்றத்தின் கஜானாவில் இருந்தது 87 டாலர் 50 சென்ட். நூறு பேரைப் பிடித்துச் சிறையில் போட்டால் ஜாமீனுக்கு எங்கே போவது? புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி வேறு இல்லை. பெவல் எழுந்து மறுத்தார். இந்த வாரம் காத்திருந்தால் அடுத்த வாரம் இன்னொரு காரணம் வரும், அதற்கடுத்த வாரம் இன்னொன்று என்பது அவர் வாதம். மாணவர்கள் மறுநாளே போவது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த இடத்தில் ஸ்மித் என்ன செய்திருக்க முடியும் என்று யோசியுங்கள். தேவாலயம் அவருடையது. சாவி அவரிடம். 'நான் சொல்வதைக் கேட்காவிட்டால் வெளியே நடத்திக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வரி போதும். நம் ஊரில் எத்தனை வாலிபர் சங்கங்கள் அந்த ஒரு வரியில் செத்திருக்கின்றன! ஸ்மித் அதைச் சொல்லவில்லை. தேவாலயம் திறந்தே இருந்தது. மறுநாள் மாணவர்கள் அங்கிருந்துதான் கிளம்பினார்கள், 124 பேர். பணத்துக்கு மன்றம் அலைந்தது. முடிவு பிள்ளைகளுடையது, ஜாமீன் பெரியவர்களுடையது. ஒரு போதகருக்கும் வாலிபர் குழுவுக்கும் இடையே இருக்க வேண்டிய உறவை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

பயிற்சி இல்லாதவர்களுக்காக லூயிஸும் லஃபாயெட்டும் ஒரு தாளில் நடத்தை விதிகளை எழுதிப் படியெடுத்துக் கொடுத்தார்கள். திருப்பி அடிக்காதே, வசவுக்கு வசவு சொல்லாதே, கவுன்டரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார், வழியை மறைக்காதே, பொறுப்பாளர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே என்ற வகையில் போகும் அந்தத் தாள். கீழ்ப்படிதலைத்தானே இவர்களும் கேட்டார்கள் என்று ஒரு தோழர் வாதிடலாம். கேட்டார்கள்தான். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே அடியை வாங்கப் போகிறவர்கள்.

பிப்ரவரி 27, சனிக்கிழமை. குண்டர்கள் தாக்குவார்கள், போலீஸ் வேடிக்கை பார்க்கும் என்று வில் கேம்பல் என்ற வெள்ளையினப் போதகர் முன்பே எச்சரித்திருந்தார். பேசிவிட்டுப் போவதென்றே முடிவெடுத்தார்கள். சொன்னபடியே நடந்தது. இழுத்துப் போட்டு அடித்தார்கள், கழுத்தில் சிகரெட்டை அணைத்தார்கள். அடித்தவர்களை விட்டுவிட்டுப் போலீஸ் அடிவாங்கியவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசை கைதாகிப் போனதும் அடுத்த வரிசை அதே இருக்கைகளில் வந்து உட்கார்ந்தது. அன்று கைதானவர்கள் 81 பேர். நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டபோது நாஷ், லூயிஸ் உள்ளிட்ட பலர் கட்ட மறுத்துச் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மார்ச் தொடக்கத்தில் வேண்டர்பில்ட் லாசனைப் படிப்பிலிருந்தே நீக்கியது. கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர் கொள்முதலுக்கு நகர மையத்துக் கடைகளைப் புறக்கணித்தன.

ஏப்ரல் 19 விடிகாலை, மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். லூபியும் மனைவியும் உயிர் தப்பியது ஆச்சரியம். அன்றே ஆயிரக்கணக்கானோர் மூன்று மூன்று பேராக, கோஷம் இல்லாமல், நகர மன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட். சி. டி. விவியன் என்ற போதகர் குற்றச்சாட்டுகளை அடுக்கிப் படித்தார். மேயருக்குக் கோபம் வந்தது. பிறகு நாஷ் கேட்டார்: ஒருவரின் இனத்தையும் நிறத்தையும் வைத்து ஒதுக்குவது தவறில்லையா என்று. தவறுதான் என்று மேயரின் வாயிலிருந்து வந்தது. லஞ்ச் கவுன்டர்கள் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்டர்கள் திறந்தன. விவியனின் கோபம் இல்லாமல் நாஷின் கேள்விக்கு அந்த எடை வந்திருக்காது என்பது என் கருத்து. ஒரு குழுவில் இரண்டு குரலும் இருக்க இடம் வேண்டும்.

இதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 15 முதல் 17 வரை, ஈஸ்டர் வார இறுதியில், வட கரோலினாவின் ராலே நகரத்து ஷா பல்கலைக்கழகத்தில் தென்னகம் முழுவதிலுமிருந்து போராட்ட மாணவர்கள் கூடியிருந்தார்கள். கூட்டியவர் எல்லா பேக்கர். நம் பெண் தோழர்கள் இவரைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1903இல் பிறந்த பேக்கர் அதே ஷாவில் படித்தவர். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்துக்காகத் தெற்கு முழுக்க ஊர் ஊராகச் சுற்றிக் கிளைகளைக் கட்டியவர். 1958இல் கிங்கின் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டுக்கு அட்லாண்டாவில் அலுவலகத்தை நிறுவி நடத்தினார். வேலை எல்லாம் அவருடையது. நிரந்தர நிர்வாக இயக்குநர் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பெண், போதகரும் அல்லர். கோலம் போடுவதும், கூட்டத்துக்குச் சாப்பாடு செய்வதும், நன்கொடை வசூலிப்பதும் பெண்கள், ஒலிபெருக்கியைப் பிடிப்பது ஆண்கள் என்ற சபை வழக்கத்துக்கு அமெரிக்கா, ஆலங்குடி என்ற வேறுபாடு கிடையாது.

ராலே கூட்டத்துக்கு மாநாட்டிலிருந்து 800 டாலர் பெற்றுத் தந்தவர் பேக்கர். அங்கே அவர் செய்த முதல் காரியம் வட மாநில மாணவர்களையும் தென் மாநில மாணவர்களையும் முதலில் தனித்தனியாகக் கூட வைத்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் தத்துவம் பேசத் தெரிந்தவர்கள், வாதத்தில் வல்லவர்கள். அடி வாங்கியவர்களோ தெற்கத்தியர்கள். ஒரே அறையில் விட்டால் பேசத் தெரிந்தவர்கள் பேசுவார்கள், அடிவாங்கியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தெற்கத்தியர்கள் தங்கள் திசையைத் தாங்களே முடிவு செய்த பிறகு எல்லோரும் சேரட்டும் என்றார். சென்னை, மதுரைக் கல்லூரிகளிலிருந்து போய் ஊர்க் காலனிப் பிள்ளைகளுக்கு 'வழிகாட்டும்' நம் தோழர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்.

அந்த நாட்களில் போதகர்களின் தனிக் கூட்டம் ஒன்றும் நடந்தது. மாணவர்களைத் தங்கள் மாநாட்டின் இளைஞர் பிரிவாக ஆக்கிக்கொள்வது பற்றிப் பேசினார்கள். இந்த மாநிலத்துப் பிள்ளைகளின் வாக்கை நான் பெற்றுத் தருகிறேன், அந்த மாநிலத்தை நீ பார்த்துக்கொள் என்கிற கணக்கு. பேக்கர் அங்கேயே மறுத்துவிட்டு வெளியே வந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அந்த அமைப்பு, எதிரே உட்கார்ந்திருந்தவர் கிங். மாணவர்கள் தனி அமைப்பாகவே நிற்பது என்று முடிவெடுத்தார்கள். அதுதான் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக 'ஸ்நிக்'. முதல் தலைவர் நாஷ்வில்லின் மேரியன் பாரி. முதல் செயலர் ஜேன் ஸ்டெம்பிரிட்ஜ் என்ற இறையியல் மாணவி. பேக்கர் சில மாதங்களில் மாநாட்டை விட்டு விலகி, கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாணவர்களுக்குத் துணையாக இருந்தார். கூட்டங்களில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார், பேசினால் கேள்வியாகப் பேசுவார். 1961 ஆகஸ்டில் நேரடிப் போராட்டமா, வாக்காளர் பதிவா என்று அமைப்பு உடையும் நிலைக்கு வந்தபோதுதான் குறுக்கிட்டார். இரண்டு பிரிவாக இரண்டையும் செய்யுங்கள் என்றார். மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்குப் போனவர்களும் அதே அடியைத்தான் வாங்கினார்கள், சண்டை தானாகத் தீர்ந்தது.

1961 மே மாதத்தில் அலபாமாவில் விடுதலைப் பயணிகளின் பேருந்தைக் கொளுத்தியபோது முதல் குழு பயணத்தை நிறுத்தியது. தொடர்வது என்று முடிவெடுத்தது நாஷ்வில். மூத்த போதகர்கள் நீண்ட விவாதத்துக்குப் பிறகே பணம் தந்தார்கள். பத்துப் பேர் கிளம்பினார்கள். நாஷ் பேருந்தில் ஏறவில்லை. தொலைபேசி அருகே இருந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது அவர் வேலை. சாவு நிச்சயம் என்று அரசுத் தரப்பிலிருந்து எச்சரித்தவரிடம், போகிறவர்கள் முந்தின இரவே உயில் எழுதிவிட்டார்கள் என்று சொன்னார்.

இன்னொரு காட்சி, 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. லூயிஸ் இப்போது ஸ்நிக்கின் தலைவர். அவருடைய உரையின் கடுமையைப் பார்த்த வாஷிங்டன் கத்தோலிக்கப் பேராயர் ஓபாயில், மாற்றாவிட்டால் தொடக்க ஜெபம் செய்ய மாட்டேன் என்றார். மிரட்டலுக்கு மாணவர்கள் அசையவில்லை. முதிய தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வாழ்நாளெல்லாம் காத்திருந்த நாள் இது என்று கெஞ்சிக் கேட்டபோதுதான் அசைந்தார்கள். அப்போதும் லூயிஸ் தனியாக மாற்றவில்லை. லிங்கன் நினைவிடத்திலேயே தோழர்கள் ஜேம்ஸ் ஃபோர்மன், கோர்ட்லண்ட் காக்ஸோடு உட்கார்ந்து திருத்தினார்.

கதை இத்தோடு முடிந்தால் வாலிபர் முகாமில் சாட்சி சொல்லலாம். முடியவில்லை.

1964இல் மிசிசிப்பிக் கோடைத் திட்டத்துக்குப் பிறகு ஸ்நிக் பெருத்துவிட்டது. வாரம் 10 டாலர் சம்பளத்தில், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டம் அது. இப்போது ஒரே அறையில் கொள்ளவில்லை. பேசிப் பேசி ஒருமித்த முடிவுக்கு வருவது சின்னக் கூட்டத்தில் நடந்தது. பெரிய கூட்டத்தில் அதிக நேரம் விழித்திருக்க முடிந்தவர் வென்றார். அந்த நவம்பரில் வேவ்லண்ட் என்ற ஊரில் கூடியபோது, பெண்களின் நிலை பற்றிப் பெயர் போடாத ஒரு கட்டுரை சுற்றுக்கு வந்தது. தட்டச்சும் கூட்டக் குறிப்பும் பெண்களுக்கு, முடிவுகள் ஆண்களுக்கு என்று பட்டியல் போட்டது அது. கேலிக்குப் பயந்துதான் பெயர் போடவில்லை. எழுதியவர்களில் கேசி ஹேடன், மேரி கிங் ஆகிய வெள்ளையினப் பெண்கள் இருந்தார்கள். களத்தில் திட்டங்களை நடத்திய கறுப்பினப் பெண்கள் பலருடைய அனுபவம் வேறாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எல்லா பேக்கர் பெற்றெடுத்த அமைப்பில், நாஷ் தலைமை தாங்கிய நாஷ்வில்லிலிருந்து நான்கே ஆண்டு தூரத்தில், ஒரு பெண் தன் பெயரைப் போட அஞ்சினாள். பழக்கத்தை யாரும் தினமும் காவல் காக்கவில்லை.

அலபாமாவின் லௌன்ஸ் மாவட்டத்தில் ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் அப்போது செய்த வேலை நமக்கு நேரடி உறவு. ஐந்தில் நான்கு பங்கு கறுப்பர்கள் வாழ்ந்த அந்த மாவட்டத்தில் 1965 தொடக்கத்தில் கறுப்பின வாக்காளர்கள் பட்டியலிலேயே இல்லை. உள்ளூர் மக்களோடு சேர்ந்து ஒரு தனிக் கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வேண்டும். கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிறுத்தை 1966 அக்டோபரில் ஓக்லண்டுக்குப் போய் கருஞ்சிறுத்தைக் கட்சியானது, 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் ஆனது, 1982இல் மலைச்சாமி வழியாக மதுரைக்கு வந்தது.

அதே 1966 மே மாதம், நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் கிங்ஸ்டன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஸ்நிக்கின் தலைவர் தேர்தல். லூயிஸ் மீது நியாயமான விமர்சனங்கள் இருந்தன. வெள்ளை மாளிகையோடு நெருக்கம், களத்திலிருந்து தூரம் என்று இளையவர்கள் பேசினார்கள். முதல் வாக்கெடுப்பில் லூயிஸ் வென்றார். பலர் தூங்கப் போய்விட்டார்கள். பிறகு ஒருவர் தேர்தல் முறை சரியில்லை என்று எழுந்தார். வாக்குவாதம் மணிக்கணக்கில் நீண்டது, விடியும் நேரத்தில் மறுவாக்கெடுப்பு. கார்மைக்கேல் வென்றார். கார்மைக்கேலின் அரசியல் எனக்கு லூயிஸின் அரசியலைவிட நெருக்கமானது. இருந்தும் சொல்கிறேன், அந்த வாக்கெடுப்பைக் காலையில் எல்லோரும் எழுந்த பிறகு வைத்திருக்கலாம். ஆறரை ஆண்டுக்கு முன் கிளார்க் மெமோரியலின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்த அந்தப் பாத்திரம் கழுவும் பையன் அந்த ஜூலையிலேயே அமைப்பை விட்டு விலகினார்.